நிரம்பும் தறுவாயில்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. உட்கார்ந்தே பிழைத்தவன் நான். எந்த அறைக்குள் போனாலும் என் முதுகு முதலில் நாற்காலியைத்தான் பார்க்கும்.

மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனியில், கருவிகளை இயக்கும் நிரல்களைச் சோதிப்பது என் வேலை. அதிலும் எண் நிரம்பி வழியும் பிழைகளைப் பிடிப்பது. பழைய ஸ்கூட்டர் மீட்டரில் எல்லா இடத்திலும் ஒன்பது வந்தபின் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும் அல்லவா? கணினிக்குள் ஓடும் கடிகாரத்தையும் மாதக்கணக்கில் அணைக்காமல் விட்டால் அப்படித்தான் நிரம்பிக் கவிழ்ந்துவிடும். அதைப் பார்க்க நாங்கள் மாதக்கணக்கில் காத்திருக்க மாட்டோம். நிரம்பும் தறுவாயில் கடிகாரத்தை வைத்து ஓட்டிவிடுவோம்.

அப்படி ஓட்டியபோதுதான் எங்கள் மூச்சுக்கருவியில், அதாவது வென்டிலேட்டரில், அந்தப் பிழை அகப்பட்டது. கடிகாரம் கவிழ்ந்ததும், அடுத்த மூச்சுக்கு இன்னும் நேரம் ஆகவில்லை என்று கருவி பேசாமல் காத்திருந்தது. அபாய மணியும் அதே கடிகாரத்தை நம்பியிருந்ததால் அடிக்கவில்லை.

"என்னண்ணே, ஏதாவது மாட்டுச்சா?" என்று குழுத் தலைவன் கேட்டான். என்னைவிடச் சின்னவன், என்மேல் மரியாதை உள்ளவன்.

"எல்லாம் சுத்தமா இருக்குப்பா" என்றேன். சொல்லியிருந்தால் அன்றே திருத்தியிருப்பார்கள்.

என் மனைவிக்கும் அதே கருவிதான். தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டு, படுத்த படுக்கையாகிவிட்டாள். கருவியின் குழாய் மூக்கோடு நின்றதால் வாய் மட்டும் ஓயவில்லை. "உங்க சமையலுக்கு இந்த நோயே தேவலைங்க" என்பாள். விரல்களில் கொஞ்சம் தெம்பு மிச்சமிருந்தது. மூச்சுத் திணறினால் பேச வராது, என் கையை இறுக்குவாள். அது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. துடைக்கும் சாக்கில் அவ்வப்போது கருவியை அணைத்து, கைப்பம்பால் மூச்சு கொடுத்துவிட்டு மறுபடி போடுவேன். கடிகாரம் முதலிலிருந்து ஓடும். நான் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவளைப்போல் வேறு யாரையும் நான் நேசித்ததில்லை. அவள் படும் பாட்டைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் மடிக்கணினியைக் கருவியோடு இணைத்தேன்.

"அது எதுக்குங்க?"

"சும்மா, ஒரு சின்ன டெஸ்ட்."

"நல்லாப் பாருங்க. பொண்ணு அடுத்த வாரம் குழந்தையோட வர்றா. அந்த நேரம் பாத்து மக்கர் பண்ணிடப் போகுது."

கடிகாரத்தை நிரம்பும் தறுவாயில் வைத்தேன். கருவியை ஓடவிட்டேன். கைப்பம்பை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பேத்தியை என்ன சொல்லிக் கூப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு பாதியில் நின்றது.

இப்போது வீட்டில் கேலி பேச ஆளில்லை. சமைத்ததை அப்படியே கொட்டுகிறேன். இன்னும் எத்தனையோ வீடுகளில் அந்தக் கருவி ஓடுகிறது, கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள்.

அவளுக்கு வேதனை எதுவும் தெரிந்திருக்காது, ஐயா. பக்கத்திலேயே இருந்தேன், எனக்குத் தெரியும். கடைசியில் என் கையை இறுக்கினாள். விட்டுவிட்டு மறுபடியும் இறுக்கினாள். விடைபெறுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.