சிவப்புக்கு அடியில் பச்சை

— பானெட்டுல கைய வச்சுப் பாருங்க, திருமூர்த்தி அண்ணாச்சி. சூடு தெரியுதா?

— அட, இட்லிச் சட்டியாட்டம் இருக்குதே ஆரோக்கியம்!

— நாம வாரதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டிருக்காவ. இஞ்சின் குளுந்து கெடக்கும்போது எடுத்துப் பாத்தாத்தான் அதோட வண்டவாளம் தெரியும். சூடு பண்ணி வச்சுட்டா எந்தக் கெழட்டு இஞ்சினும் ஒரே இழுப்புல எடுத்துரும். மொத சந்தேகம் இது. மனசுல வச்சுக்கிடுங்க.

— அதுக்குத்தானே உன்னைய முதலிபாளையத்து ஒர்க்ஷாப்புல இருந்து தூக்கிப் போட்டுட்டு வந்தேன். போன வருசம் ஒரு ஜீப்பு வாங்குனேன் பாரு, எஞ்சின் ஒரு நம்பரு, புக்கு ஒரு நம்பரு. செக்போஸ்ட்ல நாலு மணி நேரம் வெயில்ல நிறுத்தி வெச்சுட்டான். இதுலயும் ஏமாந்தேன்னு வெய்யி, என்ற ஊட்டுல எனக்குச் சோறு கெடையாது.

— அப்பறம் எதுக்கு அண்ணாச்சி இந்த ஆசை? குடும்பத்தோட போகக்கூட முடியாது. மொத்தமே ரெண்டு சீட்டு.

— ஜெர்மனியில என்ற கம்பெனிச் சரக்கு வாங்கற பையர் ஒருத்தன் இப்படியொரு வண்டியில என்னைய ஏத்திக்கிட்டுப் போனான். மேல கூரை இல்ல, மண்டையில காத்து... அன்னிக்கிருந்து தூக்கத்துலயும் இதுதான். விடு. அவன் ஒரு டி-சர்ட்டைக் கையில எடுத்தா உள்ள வெளிய திருப்பி, ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பாப்பான். நீ அதாட்டம் பாரு.

— யாருங்க அது ஷெட்டுக்குள்ள? வண்டி பாக்க வந்தவுகளா?

— ஆமாம்மிணி. வேலம்பாளையத்துல இருந்து வர்றோம். சீமைக் காரு, அறுவத்தாறு மாடல், அடிபடாத வண்டின்னு பேப்பர்ல வெளம்பரம் பாத்தோம். போயி ஊட்டுக்கார அம்மாவ வரச் சொல்லு.

— நாந்தாங்க ஊட்டுக்காரி. சாமியப்பன் சம்சாரம். பேரு ஒச்சாயி. போன்ல ஒங்ககிட்ட பேசுனதும் நாந்தேன்.

— நீங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க... தோட்டத்துக்காரரு எங்க சனம்னு சொன்னாங்க. உங்க பேச்சு வேற பக்கமா இருக்குதுங்களே.

— உசிலம்பட்டிப் பக்கம்ங்க எனக்கு.

— உசிலம்பட்டிக்கும் இந்தக் கணியூருக்கும் எப்படிங்க...

— அது பெரிய கதைங்க. வந்தது வண்டி பாக்கத்தானே? பாருங்க. நான் இங்கிட்டு நிக்கிறேன். நேத்து ஒரு புரோக்கரு வந்தான், பாக்குறேன் பாக்குறேன்னு ஏதோ ஒண்ணக் கழட்டிப் பையில போடப் பாத்தான். அதனால நிக்கிறேன்.

— நில்லுங்க, தாராளமா நில்லுங்க. ஆரோக்கியம், இக்கட்டால வா. மெதுவாப் பேசு. என்ன நெனைக்கற? புக்குல பேரு சாமியப்பன். ஆளு உசிலம்பட்டி. எனக்கென்னமோ துணி கட்டிங்லயே தப்புன்னு தோணுது.

— ஆளைப் பாக்காண்டாம் அண்ணாச்சி, வண்டியப் பாப்போம். யம்மா, ஆர்.சி. புக்கு இருக்கா?

— பீரோவுல இருந்து எடுத்துட்டேன், இந்தாங்க. அவுக எறந்து ஒரு வருசம் ஆச்சு. வாரிசு சர்ட்டிபிகேட்டும் உள்ளாற இருக்கு. கல்யாணத்தப் பதிஞ்ச காகிதமும் இருக்கு. சந்தேகமா இருந்தா அதையும் பாத்துக்கங்க.

— அய்யோ, அதெல்லாம் எதுக்குங்க.

— ஸ்டார்ட் பண்ணி வச்சது யாரும்மா?

— நாந்தேன், பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் டிரைவரக் கூப்பிட்டுப் போடச் சொன்னேன். வாரவுக முன்னால கெளம்பாம நின்னா அசிங்கமால்ல இருக்கும்? விருந்தாடி வந்தா வாசல் தெளிக்கிறமே, அது மாதிரிதேன். ஏன், தப்பா?

— தப்பில்லம்மா. அண்ணாச்சி, நான் நம்பர் சொல்லுதேன், நீங்க புக்குல பாருங்க. சேஸ், கடைசி நாலு: ஏழு, மூணு, ஒம்போது, ஒண்ணு.

— ஏழு, மூணு, ஒம்போது, ஒண்ணு. செரி.

— இஞ்சின் கடைசி மூணு: ரெண்டு, ரெண்டு, எட்டு.

— அதுவும் செரி. ஓனர் சாமியப்பன், தொண்ணூத்தொண்ணுல இருந்து... இரு இரு. கலருங்கற எடத்துல பச்சைன்னு போட்டிருக்குது.

— பச்சையா?

— பச்சைதான். நெம்பத் தெளிவா இருக்குது. ஏனுங்க, புக்குல பச்சை, வண்டி செவப்பா நிக்குது?

— புக்கு எப்பவும் அவுக பூட்டி வச்சிருந்த பெட்டியிலதேன் இருந்துச்சு, நான் பாத்ததில்ல. தொண்ணூத்தெட்டுல நான் வாக்கப்பட்டு வந்தப்பவே வண்டி செவப்புத்தேன்.

— கலரு மாத்துனா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதிக்குடுத்து புக்குல ஏத்தோணுமுங்க. ஏன் ஏத்தலே?

— எனக்கென்னங்க தெரியும்? வண்டிய அவுக ஓட்டி நான் பாத்ததேயில்ல. தொண்ணூத்தஞ்சுலயே கியரு ஒடஞ்சு போச்சு, அப்பத்துல இருந்து இந்த ஷெட்டுலதேன் நிக்குதுன்னு சொன்னாக. வாரத்துக்கு ஒருக்கா தூசி தட்டுவாக. என்னையத் தொட விடமாட்டாக.

— கியரு ஒடஞ்சதாம்மா? சரி, நான் அடியில படுத்துப் பாத்துட்டு வாரேன். அந்த டார்ச்சக் குடுங்க அண்ணாச்சி.

— என்ன தெரியுது?

— தரைத் தகடு நல்லாத்தான் இருக்கு. கார்ப்பெட்டுக்குக் கீழ துருப்புடிச்சு, திருப்புளி வச்சுக் குத்துனா உள்ள போவும்னு பயந்தேன், போவல. சேஸ் கோணல மாணலா இல்ல. கியர் பொட்டி... அண்ணாச்சி, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க.

— பாத்தேன். எண்ணெய் புடிச்சுக் கெடக்குது. அதுக்கென்ன?

— போல்ட்டுத் தலை ஒண்ணுலகூட ஸ்பேனர் பட்ட தழும்பு கெடையாது. கம்பெனியில முடுக்குனது முடுக்குனபடி இருக்கு. ஒடஞ்சிருந்தா கழட்டியிருக்கணும்லா? இப்ப நான் உள்ள ஏறிக் கியரு போடுதேன், சத்தத்தக் கேளுங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. இனி ரிவர்ஸ்.

— சத்தமே வரலையேப்பா.

— அதத்தான் சொல்லுதேன். இந்தக் கியரு ஒடையவே இல்ல.

— அவுக பொய் சொல்ல மாட்டாகங்க.

— நான் யாரையும் பொய்யிங்கல யம்மா. வண்டியில உள்ளதச் சொல்லுதேன்.

— நல்லாருக்கிற வண்டிய எதுக்கு ஒரு மனுசன் ஒடஞ்சிருக்குன்னு சொல்லணும்? அதுல அவுகளுக்கு என்ன லாபம்? ... தம்பி, கையில என்ன அது?

— காந்தம்மா. பெயிண்டுல கீறல் விழாம இருக்கத் துணி சுத்தியிருக்கேன். அடியில தகடு இருந்தா ஒட்டும். ஒடுங்கின எடத்துல பட்டி வச்சு நெரவி, மேல பெயிண்ட் அடிச்சிருந்தா ஒட்டாது. அடிபட்ட வண்டிய இதுகிட்ட மறைக்க முடியாது. பின்னால இருந்து வாரேன். டிக்கி ஒட்டுது. வலது கதவு ஒட்டுது. வலது மட்கார்டு ஒட்டுது. பானெட்டு ஒட்டுது. இனி எடது முன் மட்கார்டு...

— என்னப்பா, கீழ விழுந்துருச்சு?

— இன்னொருக்கா வைக்கேன். விழுது பாத்தியளா? இங்கன விழுது, இங்கனயும் விழுது. வெரலால தட்டுங்க. மத்த எடத்துல டங்குங்கும். இங்க?

— டொக்குன்னு செவுத்துல தட்டுனாப்பல இருக்குது.

— ஒரு இஞ்சு மொத்தத்துக்குப் பட்டி. ஹெட்லைட்ல ஆரம்பிச்சு சக்கரம் வரைக்கும்.

— அப்படிச் சொல்லு! ஏனுங்கம்மிணி, அடிபடாத வண்டின்னு கொட்ட எழுத்துல வெளம்பரம் குடுத்தீங்க. பாருங்க, வேலம்பாளையத்துல இப்படிப் பீஸ் வந்தா மொத்த லாட்டையும் ரிஜெக்ட் பண்ணிருவான். நீங்க சொன்ன வெலையில பாதி. அதுவே அதிகமுங்க.

— பத்து ரூவா கொறைக்க மாட்டேங்க.

— பட்டிய வெச்சு மறைச்சுப்போட்டு...

— கொறைச்சா அவுக பொய் சொன்னாகன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆகும். இந்த வண்டியில ஒரு கீறல்கூட விழுந்ததில்லைன்னு அவுக வாயால சொன்னாக. அந்த மனுசனப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்? பனியன் கம்பெனியில கெடந்த நொண்டிக்காலி ஒருத்தியக் கட்டிக்கிட்டதுக்காகக் கூடப்பொறந்தவுகளே படி மிதிக்கல. அவுக அம்மா சாவுக்குக்கூடத் தெருவுல நிக்க வச்சு அனுப்புனாக. ஒரு நா, ஒரு பொழுது, ஒன்னாலதாண்டின்னு அவுக என்னையச் சொன்னதில்ல.

— செரிங்க, அவரு நல்ல மனுசனாவே இருக்கட்டும். பட்டி இருக்குதே?

— இருந்தா பேத்துக் காட்டுங்க.

— பேத்தா பெயிண்டு போயிரும் யம்மா. நாங்க வாங்கலைன்னா ஒங்களுக்கு நட்டம்லா?

— போகட்டும் தம்பி. இந்த ஷெட்ட எடுத்துட்டு நாலு ஓவர்லாக் தையல் மிசின் போடணும்னுதேன் இத விக்கிறேன். இங்க நாப்பது பொம்பளைக வேலையில்லாம இருக்காளுக. அதுக்கு வச்சிருக்கிற ஒரே மொதலு இது. ஆனாலும் சொல்றேன். நீங்க பேத்து, அதுக்குள்ள ஒடுக்கு இருந்துச்சுன்னா, வண்டிய சும்மாவே ஓட்டிக்கிட்டுப் போங்க. பேத்துப் பாருங்க.

— பேக்கட்டுமா அண்ணாச்சி?

— அவங்களே சொல்றாங்களே. சக்கரத்த ஒட்டிக் கீழ்ப்பக்கமாப் பேத்துப் பாரு, வெளிய தெரியாது.

— தள்ளி நில்லுங்க, கண்ணுல தெறிக்கும்... ம், விடுது. அட, கட்டி கட்டியா வருதே. பாருங்க, செவப்புக்கு அடியில பச்சை. பட்டிக்கு உள்பக்கம்லாம் பச்சை ஒட்டிக்கிட்டு வருது. அடிபட்ட பொறவுதான் செவப்பு அடிச்சிருக்காவ.

— உள்ள ஏதோ அடைச்சிருக்குது பாரு, வெள்ளையா.

— பேப்பரு. குழிய அடைக்கப் பேப்பரக் கசக்கித் திணிச்சு, அதுக்கு மேல பட்டி பூசியிருக்கான். வெவரமான மெக்கானிக் இப்படிச் செய்ய மாட்டான். கண்டிப்பா கடையில விட்டுச் செஞ்ச வேலை இல்ல இது. ஊட்டுலயே வச்சு, பொழுது போன பொறவு யாருக்கும் தெரியாமப் பூசியிருக்காவ.

— குடு இங்க. தினசரிப் பேப்பருங்க. சினிமா வெளம்பரம்... தேதிகூட இருக்குது. தொண்ணூத்தேழு, ஆகஸ்ட் இருவது, புதன்கெழமை. தொண்ணூத்தஞ்சுலயே நின்னு போன வண்டிங்களா இது? நல்லாக் கதை சொல்லியிருக்காரு.

— இன்னொருக்கா சொல்லுங்க.

— கதை சொல்லியிருக்காருன்னேன்.

— அதில்ல. தேதி.

— ஆகஸ்ட் இருவதுங்க. தொண்ணூத்தேழு.

— தம்பி, இது எது மேல மோதுனதுன்னு ஒங்களால சொல்ல முடியுமா?

— அது எதுக்கும்மா இப்ப? வெலை பேசி முடிச்சுக்கிடுவோம்.

— சொல்லுங்க.

— கல்லு, மரம்னா தகடு வெட்டிக் கிழிஞ்சிருக்கும். மாடுன்னா பானெட்டே மடங்கியிருக்கும். இது அப்படியில்ல. முட்டுக்கால் ஒசரத்துல குழிஞ்சு, அப்படியே பின்னால வழிஞ்சு போவுது. ஒரு ஆளு மேல மோதியிருக்கு யம்மா. எடது ஓரமா, வண்டிக்கு முதுகக் காட்டி நடந்து போன ஆளு.

— அம்மிணி, உக்காருங்க. மொகமெல்லாம் வேத்துப் போச்சு. ஆரோக்கியம், அந்தத் தண்ணிச் சொம்ப எடு.

— தண்ணி வேணாங்க. ஆகஸ்ட் பதினெட்டு, திங்கக்கெழம. அப்ப நான் ஒங்க வேலம்பாளையத்துல பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பாத்தேன். காலம்பற ஷிப்டுக்கு ரோட்டோரமா நடந்து போயிட்டிருந்தேன். பின்னாலருந்து பச்சையா ஒண்ணு வந்துச்சு. காரா லாரியாங்கறதுகூடத் தெரியாது. பச்சை, அம்புட்டுத்தேன். எடுத்து எறிஞ்ச மாதிரி போயி விழுந்தேன். காலு ரெண்டா முறிஞ்சிருச்சு.

— அட சாமி...

— வண்டி நிக்காமப் போயிருச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு, முன்னால இருந்த வளைவுலருந்து ஒருத்தரு மூச்சு எரைக்க ஓடியாந்தாரு. என்னைய ரெண்டு கையிலயும் தூக்கி, லோடு ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. நான் யாரு எவருன்னு கேக்காம மூணு மாசம் பக்கத்துல இருந்து கஞ்சி ஊத்துனாரு. பொறவு கட்டிக்கிறேன்னாரு.

— சாமியப்பனுங்களா?

— ஆமாங்க.

— யம்மா, நான் சொன்னத வச்சு எதையும் நெனச்சுக்கிடாதீங்க. வேற வண்டியா இருக்கும். பச்சை வண்டி ஊருல ஒண்ணா ரெண்டா?

— போலீஸ்காரவுகளும் அதையே சொல்லித்தேன் திருப்பி அனுப்புனாக தம்பி. காலுல கட்டோட என்னால படியேற முடியாதுன்னு, ஆறு மாசம் என்னையக் கைத்தாங்கலாப் புடிச்சு ஸ்டேஷன் ஸ்டேஷனாக் கூட்டிட்டுப் போயி, "அந்தப் பச்சை வண்டிக்காரன எப்படியாச்சும் கண்டுபுடிச்சுக் குடுங்கய்யா"ன்னு எனக்காகப் போலீஸ்காரவுககிட்ட அழுததும் எங்க வீட்டுக்காரருதாங்க.