மேலே காய்ந்த மண்

நல்ல டப்பா கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும், பக்கம் நெளியக் கூடாது, உள்ளே துரு இருக்கவே கூடாது. என்னுடையது பால் பவுடர் டப்பா. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கியது. அவள் வளர்ந்து வேலைக்கே போய்விட்டாள். டப்பா மட்டும் என்னோடு துறைமுகத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. உங்கள் விசாரணை மேசைமேல் இருப்பது அது இல்லை. இது வேறொருவர் கொடுத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். கப்பலில் சரக்கு ஏற்றும் முன்பும் ஏற்றும்போதும் பக்கத்தில் நின்று பார்ப்பது. ஏணியில் சரக்கறைக்குள் இறங்கி, பழைய சரக்கின் மிச்சம் மூலையில் ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். மேல்மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். சர்க்கரை ஏற்ற வந்த அறையில் மீன்தூள் வாடை அடித்தால் மறுபடி கழுவச் சொல்வேன். இரும்புச் சுருளுக்கு அடியில் கட்டை சரியாக வைக்காவிட்டால் கிரேனை நிறுத்துவேன். சுருக்கமாகச் சொன்னால், நிறுத்துவதுதான் என் வேலை. அதனால் யாருக்கும் என்னைப் பிடிக்காது. அதில் எனக்கு வருத்தமில்லை, கோபமும் இல்லை. முதல் பக்கத்தில் நீங்கள் 'கோபத்தில்' என்று எழுதியதை இங்கிருந்தே பார்த்தேன். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள்.

மற்ற சரக்கு நனைந்தால் சரக்கு கெடும், அவ்வளவுதான். தாதுமண் அப்படியில்லை. லாரி லாரியாகக் கொண்டுவந்து யார்டில் குன்று போலக் குவித்திருப்பார்கள். கையில் அள்ளினால் சாதாரணச் செம்மண். மழை பெய்தால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே ஒன்றும் தெரியாதது போல் உட்கார்ந்திருக்கும். கப்பல் கடலுக்குள் போனதும் எஞ்சினும் அலையும் அதைக் குலுக்கிக்கொண்டே இருக்கும். குலுங்கக் குலுங்கத் தண்ணீர் மேலே வரும். மண் கூழாகிவிடும். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் கூழ் அந்தப் பக்கம் ஓடும். கப்பல் நிமிரும்போது முழுதும் திரும்பி வராது. அடுத்த அலைக்கு இன்னும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். பிறகு கப்பல் நிமிராது.

இதைக் கரையிலேயே கண்டுபிடிக்கத்தான் டப்பா. பாதிவரை மண்ணைப் போட்டு, கெட்டியான தரையில் இருபத்தைந்து தடவை ஓங்கித் தட்ட வேண்டும். மேலே தண்ணீர் மினுமினுத்தாலோ, மண் தளதளவென்று ஆடினாலோ ஏற்றக் கூடாது. பார்ப்பதற்குக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். வயசான ஆள் ஒருவன் தரையில் குந்தி டப்பா தட்டுவதைப் பார்த்தால் உங்களுக்கும் சிரிப்பு வரும்.

யார்டில் எனக்குப் பெயரே டப்பாதான். நான் வாசலில் வரும்போதே கிரேன் கூண்டிலிருந்து ஒருவன் குரல் கொடுப்பான்: "டப்பா வந்தாச்சு, எல்லாரும் டீ குடிக்கப் போங்கப்பா." நான் காதில் வாங்கிக்கொண்டதில்லை.

அந்த யார்டின் மேனேஜர் என் மச்சினன், என் மனைவிக்குத் தம்பி. அவனை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். சேர்த்துவிட்டதோடு நிற்காமல் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், குவியலில் எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் தோண்டினால் உண்மையான ஈரம் தெரியும் என்று காட்டிக்கொடுத்தேன். முழங்கை மறையும் ஆழம். அவன் நன்றாகக் கற்றுக்கொண்டான். வெயில் வந்ததும் தார்ப்பாயை எந்த இடத்தில் விலக்கி மேல்மண்ணைக் காயவிட வேண்டும், எந்த இடத்தை மூடியே வைக்க வேண்டும் என்பதெல்லாம் நான் சொன்னதிலிருந்து அவனே கண்டுபிடித்தது. கெட்டிக்காரன்.

போன மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு கப்பலை நிறுத்தினேன். டப்பாவில் தண்ணீர் தெரிந்தது, நிறுத்தினேன். மச்சினன் கொட்டகைக்குள் நனையாமல் கிடந்த மண்ணில் ஒரு பை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினான். காய்ந்த மண் என்று பதில் வந்தது. காய்ந்த மண்ணை அனுப்பினால் அப்படித்தான் வரும். என் மேலதிகாரி என்னை உட்காரச் சொல்லாமலே பேசினார். நாளைக்கு வரும்போது டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார். அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். அந்தக் கப்பலில் காய்ந்த மண்ணையும் ஈர மண்ணையும் கலந்து ஏற்றினார்கள். கடலும் அமைதியாக இருந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். என் மனைவி தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாள். அவன் தன் டம்ளரை எடுத்து மேசைமேல் டக் டக்கென்று தட்டினான். தட்டிவிட்டு ஒற்றைக் கண்ணை மூடி உள்ளே பார்த்தான்.

"மாமா, தண்ணி தெரியுது. சாப்பாட்ட நிறுத்திடலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். என் மனைவி அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. சொம்பு கையில் குலுங்கி என் தட்டில் தண்ணீர் சிந்தியது. அதற்காக அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நானும் சிரித்தேன். அவன் அதோடு விட்டிருக்கலாம்.

"கோச்சுக்காதீங்க மாமா. நீங்களும் இத்தன வருஷமா தட்டிட்டே இருக்கீங்க. ஒரு கப்பலாவது முழுகியிருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் மூழ்கவில்லை. ஏன் மூழ்கவில்லை என்று அந்த மேசையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் பெற்ற மகளுக்குக்கூடத் தோன்றவில்லை. கை கழுவும்போது நினைத்துக்கொண்டேன், அவன் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு ஒழுங்கான பதில் ஒன்று வேண்டும் என்று. இதில் கோபம் எங்கே இருக்கிறது?

பிறகு நீங்கள் விசாரிக்கிற அந்தக் கப்பல் வந்தது.

அதற்கு முன் மூன்று நாள் விடாத மழை. அன்றைக்கு வெயில். விடிந்ததும் யாரும் வருவதற்கு முன்பே யார்டுக்குப் போனேன். தார்ப்பாயைத் தூக்கி, முழங்கை மறையத் தோண்டி, நாலைந்து இடத்தில் மண் எடுத்தேன். தட்டினேன். முழுதாகத் தட்டவே வேண்டியிருக்கவில்லை. டப்பாவில் என் முகம் தெரிந்தது. அதைக் கொட்டிவிட்டு, கைக்குட்டையால் உள்ளே துடைத்து, டப்பாவை வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.

கேப்டன் பத்து மணி வாக்கில் இறங்கி வந்தார். நரைத்த தாடி, நிதானமான ஆள். கப்பல்காரர்கள் பொதுவாக மண்ணைப் பார்க்க யாரையாவது அனுப்புவார்கள். இவர் தானே வந்தார். கையில் ஒரு காலி டப்பா இருந்தது. இத்தனை வருடத்தில் இன்னொருவர் கையில் டப்பாவை நான் பார்த்தது அன்றுதான்.

"போன துறைமுகத்துல உங்களப் பத்திச் சொன்னாங்க சார். லேசுல சரின்னு சொல்ல மாட்டீங்களாமே."

"சரியா இருந்தா சொல்வேன்," என்றேன்.

சிரித்தார். சீக்கிரம் கிளம்பச் சொல்லி முதலாளி போன் மேல் போன் போடுவதாகவும், இந்த மழையைப் பார்த்தால் தனக்குத் தூக்கம் வரவில்லை என்றும் சொன்னார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் பட்ட பக்கத்தில், ஒரு விரல் ஆழத்துக்கு மண்ணைச் சுரண்டினேன். டப்பாவில் போட்டுத் தட்டினேன். இருபத்தைந்தும் ஒழுங்காகத் தட்டினேன். புழுதிதான் பறந்தது. அவர் குனிந்து பார்த்து விரலை வைத்து அழுத்தினார். பிறகு பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து ஆழமாகத் தோண்டப் போனார்.

நான் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "சட்டையெல்லாம் அழுக்காயிடும் கேப்டன். உள்ளயும் பாத்துட்டேன்."

"நீங்களே பாத்தீங்களா?"

"காலைலயே பாத்துட்டேன்."

"அப்ப சரி," என்றார். "நீங்க சொன்னா நான் கண்ண மூடிட்டுப் போவேன்." என் டப்பாவின் விளிம்பு நசுங்கியிருந்ததைக் கவனித்து, தன் டப்பாவை என்னிடம் நீட்டினார். "இது புதுசு, நீங்க வெச்சுக்கோங்க. உங்களுக்குத்தான் உபயோகப்படும்." உங்கள் மேசைமேல் இருப்பது அதுதான்.

மச்சினன் கொஞ்ச தூரத்தில் சண்டைக்குத் தயாராக நின்றிருந்தான். 'ஏத்தலாம்' என்று நான் சொன்னதும் அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது, மறைக்கவில்லை. சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மாமா, உள்ள தோண்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எவ்ளோ ஆழம்?"

"உனக்குக் காட்டிக்கொடுத்த ஆழம்."

திரும்பிக் குவியலைப் பார்த்தான். அவன் நினைத்திருந்தால் அப்போதே நிறுத்தியிருக்கலாம். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஏற்றி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு நாளும் நான் மேல்தளத்தில் நின்றேன். கிரேனின் வாளி ஒவ்வொரு தடவை வாயைத் திறந்து மண்ணைக் கொட்டும்போதும் கையைத் தூக்கி நிறுத்த எனக்கு அதிகாரம் இருந்தது. நடுவில் தூறல் போட்டபோது வேலையை நிறுத்தி மேல்மூடியை மூடச் சொன்னேன். பழக்கம். கிரேன்காரன் அப்போது என்னை டப்பா என்று கூப்பிடவில்லை, சார் என்றான். மேலதிகாரி போனில் கூப்பிட்டு, இப்படி அனுசரித்துப் போவதுதான் அழகு என்றார். வீட்டில் என் மனைவி, தம்பியோடு சமாதானமாகிவிட்டீர்களா என்று கேட்டுச் சிரித்த முகமாகச் சோறு போட்டாள். ஈர மண்ணை ஏற்ற விட்டதற்கு இவ்வளவு மரியாதை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மூழ்கிய கப்பலில் இருந்தவர்களின் எண்ணிக்கையைத் திரும்பத் திரும்ப என்னிடம் சொல்கிறீர்கள். எனக்கு அவர்களோடு எந்த விரோதமும் இல்லை. அந்தக் கேப்டனைப் போல மரியாதையான ஆள் யார்டுக்குள் வந்ததே இல்லை. எனக்கு ஒரு கப்பல் தேவைப்பட்டது, அவருடையது வந்தது. அவ்வளவுதான். இப்போது எல்லாத் துறைமுகத்திலும் தாதுமண்ணை முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் பார்க்கிறார்களாம். டப்பாவைக் கண்டு யாரும் சிரிப்பதில்லை. மச்சினன் வேலை போய் வீட்டோடு கிடக்கிறான். இனிமேல் தப்பிக்கப் போகிற கப்பல்களையும் யாராவது எண்ண வேண்டும்.

நானாக ஏன் வந்தேன் என்று உங்களுக்குக் குழப்பம். உங்கள் அறிக்கையைப் பத்திரிகையில் படித்தேன். 'மண்ணின் ஈரத்தைச் சரக்கு ஆய்வாளர் கவனிக்கத் தவறிவிட்டார்' என்று போட்டிருந்தது. இத்தனை வருடத்தில் நான் எதையும் கவனிக்கத் தவறியதில்லை. அன்றும் தவறவில்லை. ஈரம் இருந்தது, பார்த்தேன், தெரிந்துதான் ஏற்றச் சொன்னேன். அந்த வரியைத் திருத்துங்கள். அது போதும்.

பிழைத்து வந்த சமையல்காரரின் வாக்குமூலத்தை நேற்று எனக்குப் படித்துக் காட்டினீர்கள். கப்பல் சாயத் தொடங்கியதும், சரக்கில்தான் கோளாறு என்று எல்லோரும் கத்தினார்களாம். படகை இறக்கலாம் என்றார்களாம். மண் காய்ந்த மண், அந்த டப்பாக்காரர் பார்த்துச் சொன்னது, அதில் தப்பு இருக்காது என்று கேப்டன் மறுத்துவிட்டாராம். கடல்நீர் நிரப்பும் அடித்தொட்டிகளில் எங்கோ ஓட்டை என்று நினைத்து, ஆட்களைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிப்போய், கடைசிவரை அங்கேயே தேடிக்கொண்டிருந்தாராம்.

படித்துவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள், நான் அழுவேன் என்று. உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொல்லலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் வார்த்தைக்கு அப்படி ஒரு மதிப்பு கொடுத்த மனிதர் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.