முதல் வரி மட்டும்

ஒரு பாட்டை மாற்றிப் பாடினால் அது மரியாதையா, அவமரியாதையா? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

மகளைப் பாட்டு வகுப்பில் சேர்ப்பதற்காக மயிலாப்பூரிலிருந்து அடையாறு பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் இரண்டு பெரியவர்கள், ஒருவர் தோளில் அங்கவஸ்திரம். ஒரு ஜாஸ் வித்வான் மறைந்த ஓர் இசையமைப்பாளருக்கு அவர் பாட்டையே வாசித்துச் செய்த அஞ்சலி பற்றிய டாகுமெண்டரியை அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

"அஞ்சலியாம் ஓய். முதல் வரிய மட்டும் ஒழுங்கா வாசிச்சான். அப்புறம் கண்ண மூடிண்டு எங்கேயோ போயிட்டான்" என்றார் அங்கவஸ்திரக்காரர்.

"நீர் ஒரே வரிய விதவிதமா விரிச்சு நிரவல் பாடறச்சே கண்ணத் திறந்துண்டா பாடறீர்?" என்றார் மற்றவர்.

"அது வேற. நமக்கு எங்க விரிக்கணும், எங்க நிக்கணும்னு இருக்கு. இவன் வாசிச்சதுக்கு, செத்தவரே எழுந்து வந்தாலும் தன் பாட்டுன்னு அடையாளம் தெரியாது."

"அவர் சம்சாரம் கேட்டுட்டு அழுதாளே?"

"அந்தக் கண்றாவியக் கேட்டா யாருக்குத்தான் அழுகை வராது? எங்கிட்ட ஒரு குழந்தை பாட்டுல ஒரு சங்கதிய, ஒரு சின்ன வளைவ மாத்தட்டும், ஆத்துக்குப் போன்னு அனுப்பிடுவேன்."

என் மடியில் மகள், நான் சொல்லிக்கொடுத்த தாலாட்டை முனகிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அதை வேறு மாதிரி முடிப்பாள். அதைக் கேட்கத்தான் நான் மறுபடி பாடச் சொல்வேன்.

எங்கள் நிறுத்தத்திலேயே அங்கவஸ்திரக்காரரும் இறங்கினார். நான் தேடி வந்த வீட்டின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். நாங்கள் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம்.

அவரைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்கிறார்கள். சேர்க்கலாமா? குழந்தைகளைப் பாட்டுக்கு அனுப்பிய தாய்மார்கள் சொல்லுங்களேன்.