களிக்கட்டை முறுக்கிய பிரகாசி

கேட்டுட்டியல்லா, இனி முடியுத மட்டும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது. கல்யாணத்துக்கு வந்த இடத்துல, "இஞ்சின் வச்ச வள்ளத்து மூக்குல களி கிண்டுத கட்டையை எதுக்குக் கட்டி வச்சிருக்கிய?"ன்னு பல்லைக் காட்டிச் சிரிக்கியளே, அது எங்க குடும்பத்து மூத்தவ விட்டுட்டுப் போனது. சிரிச்சது போதும். கேளுங்க.

கடல்ல இஞ்சின் சத்தமே கேக்காத காலமாம். இதே சிப்பிக்கரைதானாம். இங்க கயித்தான்னு ஒரு ஆளு. நல்ல மனுசன், பத்துப் பேச்சுக்கு ஒரு பேச்சு பேசுவாராம். அவருக்கு ஒரு பாய்மர வள்ளம். அவருக்கு ஒரு பொஞ்சாதி, பேரு பிரகாசி. வள்ளமும் புதுசு, பொஞ்சாதியும் புதுசு. ஊரு கேலி பேசாம இருக்குமா? பேசுச்சாம்.

வள்ளத்துக்கு நடுவுல பாய்மரம் நிக்கும். மரத்து உச்சியில இருந்து வள்ளத்து மூக்குக்கு ஒரு இரட்டைக் கயிறு இறங்கும். அதை முன்கயிறும்பாவ. அதுல பிரம்பு வளையம் கோத்து, வளையத்துல முன்பாயைக் கட்டியிருக்கும். முன்கயிறு விறைப்பா நின்னா முன்பாயும் விறைப்பா நிக்கும், வள்ளம் எதிர்காத்துல ஏறி வரும். கயிறு தொய்ஞ்சா? பாய் தொந்தி போட்டுரும். வள்ளம் நண்டு கணக்கா பக்கவாட்டுல நடக்கும்.

கயித்தான் வள்ளம் நண்டு கணக்காத்தான் நடந்துச்சாம். காலையில போகும்போது ராசா மாதிரி போகும். திரும்பும்போதுதான் கச்சான் காத்து கரையில இருந்து மூஞ்சியில அடிக்குமே! மத்த வள்ளமெல்லாம் வந்து, மீனு ஏலம் போயி, ஏலக்காரன் வீட்டுல சோறு தின்னு ஏப்பம் விடுத நேரத்துல இவரு வள்ளம் வருமாம். மீனு நாறிப்போயி கருவாட்டுக்குத்தான் ஆகுமாம். ஒரு நாளா, ரெண்டு நாளா? தெனமும் இதே கதையாம்.

"அட, கயித்தை அவுத்து இறுக்கிக் கட்ட வேண்டியதுதானே"ங்கிய. அங்கதான இருக்கு சங்கதி! புது வள்ளம் இறக்குத அன்னைக்குப் பங்குச் சாமியார் வந்து மந்திரிச்சு, தீர்த்தம் தெளிச்சு, முன்கயித்து முடிச்சைத் தன் கையாலேயே போட்டு, உள்ள ஒரு குருத்தோலையும் சொருகி விடுவாராம். சாமியார் போட்ட முடிச்சை எவன் அவுப்பான்? கயிறு இழுபட்டு இழுபட்டு நீண்டுட்டே போகும். முடிச்சு மட்டும் போட்டது போட்டபடி கெடக்கும்.

அந்தச் சாமியார் மாத்தலாகிப் போயிட்டாராம். புதுச் சாமியார்ட்ட போயி கேட்டாவளாம். "தாராளமா அவுத்துக் கட்டுங்கப்பா, ஆண்டவர் கோவிச்சுக்கிட மாட்டாரு"ன்னாராம். வெளிய வந்து ஊரு என்ன சொல்லிச்சு தெரியுமா? "இவரு போன மாசம் வந்தவரு, இவருக்கு என்ன தெரியும்?" நம்ம ஊருல்லா, சொல்லும்!

கயித்தான் சும்மா இருக்கல. பின்னால உள்ள கயித்தைப் போட்டு இறுக்கினாராம், மரம் வில்லா வளைஞ்சுச்சு, தொந்தி போகல. முன்பாயை வெட்டிச் சின்னதாக்கினாராம். சின்னத் தொந்தி விழுந்துச்சு. அவ்வளவுதான்.

கடைசியில ஒரு நாள் வீட்டுக்கு வந்தவரு, தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாராம்: "பிரகாசி, வள்ளத்தை வித்துரப் போறேன். உப்புத்துறையில வள்ளம் ஓட்டுத வஸ்தியான் தண்டல் விலைக்குக் கேட்டாரு, குடுக்கேன்னு வாக்குச் சொல்லிட்டேன். கொழும்புல ஒரு கடையில வேலை இருக்காம்."

"போனா எப்ப வருவிய?"

"வருவேன்."

பிரகாசியோட அப்பாவும் அப்படித்தான் 'வருவேன்'னு சொல்லிட்டுக் கொழும்புக்குப் போனவரு. வரவே இல்ல. "நீங்க போயிட்டா நான் இந்த வீட்டுல யாரு மூஞ்சியப் பாத்துட்டு இருப்பேன்?"ன்னு அழுதாளாம்.

உள்ள இருந்து மாமியா மரியந்தாள் சத்தம் குடுத்தாளாம்: "ஏன்டி, எம் மூஞ்சிக்கு என்ன கேடு?"

மறுநாள் காலையில மாமியாளும் மருமவளும் கிணத்தடியில சமுக்காளம் துவைச்சாவளாம். ஈரச் சமுக்காளம் கனக்குமே! அந்த முனையில மாமியா, இந்த முனையில மருமவ. ஆளுக்கொரு பக்கமா முறுக்கிப் பிழிஞ்சாவ. பிரகாசிக்கு மனசுல கொழும்பு. கொழும்பு மேல உள்ள கோவத்தையெல்லாம் சமுக்காளத்துல காட்டி முறுக்குதா, முறுக்குதா...

"ஏட்டி! என்னைய எதுக்கு இழுக்க? கிணத்துல தள்ளப் பாக்கியா?"

"நான் எங்க அத்தே இழுக்கேன்? முறுக்கத்தான செய்யுதேன்!"

"பின்ன நான் எப்படிட்டி உங்கிட்ட வந்தேன்?"

பிரகாசி அப்படியே நின்னுட்டாளாம். முறுக்குனா நீளம் குறையுது! போட்டா சமுக்காளத்தை. ஓடுனா அடுப்பங்கரைக்கு. களி கிண்டுத கட்டையை எடுத்தா. கடற்கரைக்கு ஒரே ஓட்டம்.

வள்ளம் கரையோரமா மிதக்குதாம். கயித்தான் பதறிட்டாராம். "ஏய், ஏறாத! பொம்பளைய வள்ளத்துல ஏறக் கூடாது!"

"எங்க ஏறுதேன்? தண்ணியிலதான நிக்கேன்."

"முடிச்சைத் தொடாத!"

"தொடலியே."

இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, முடிச்சுக்கு மேல, அந்த இரட்டைக் கயித்துக்கு நடுவுல கட்டையைச் சொருகினாளாம். ஒரு சுத்து சுத்தினா. இன்னொரு சுத்து. ரெண்டு கயிறும் பின்னிக்கிட்டு முறுக்கு ஏற ஏற, தொய்ஞ்சு கெடந்த கயிறு நிமிந்துச்சாம். அவளுக்குச் சந்தோசம் தாங்கல. இன்னும் முறுக்கினா, இன்னும் முறுக்கினா. உச்சியில பாய்மரம் 'கிர்ர்'ருன்னுச்சாம்! மரம் முன்னால வளைஞ்சு, இந்தா ஒடியப் போகுதுன்னு கயித்தான் தலையில கையை வச்சுட்டாரு. அவ பயந்து ஒரு சுத்து திருப்பி விட்டாளாம். மரம் நேரா நின்னுச்சு. கயித்தைச் சுண்டினா 'டிண்'ணுன்னு சத்தம். அதோட நிறுத்தி, சேலைக் கிழிசலால கட்டையைக் கயித்தோட சேத்துக் கட்டிட்டாளாம்.

மறுநாள் வஸ்தியான் தண்டல் வந்தாரு. "ஓட்டிப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்"ன்னு வள்ளத்தைக் கொண்டு போனாரு. திரும்பும்போது நல்ல கச்சான். கயித்தான் வள்ளம் மத்த வள்ளத்தையெல்லாம் தாண்டி, கச்சானுக்கு மூஞ்சியைக் காட்டிக்கிட்டு ஏறி வருதாம்! ஊரே கரையில நின்னு வாயைப் பொளந்துட்டு.

குதிச்சு இறங்கினாரு தண்டல். "கயித்தான், இந்த வள்ளம் எனக்குத்தான்! வாக்குக் குடுத்திருக்கேருவே!"

போச்சா? நல்லாக்கினதே வினையாப் போச்சா? கயித்தான் வாக்குக் குடுத்த மனுசனாச்சே!

பிரகாசி முன்னால வந்தாளாம். "வள்ளத்தைத் தாராளமா எடுங்க அண்ணாச்சி. கட்டை எங்க வீட்டு அடுப்பங்கரைக் கட்டை. அதைத் தரமாட்டேன்."

"கட்டையோட சேத்துத்தான் வேணும்."

"அப்ப அடுப்பங்கரையும் சேத்து எடுங்க. எங்க மாமியாளும் அங்கதான் இருக்காவ."

கரையே சிரிச்சுச்சாம். தண்டலுக்கும் சிரிப்பை அடக்க முடியல. அந்தச் சிரிப்போடயே இவ கேட்டாளாம்: "உங்களுக்குத்தான் ஒரு வள்ளம் இருக்கே அண்ணாச்சி, இது எதுக்கு?"

"அதை ஏன் கேக்க. அது நண்டு நடையில்லா நடக்கு."

"முன்கயிறு தொய்ஞ்சுட்டோ?"

"ஆமா. சாமியார் போட்ட முடிச்சு, அவுக்கவும் முடியல..." சொல்லிட்டே வந்தவரு, கட்டையைப் பாத்தாராம். பிரகாசியைப் பாத்தாராம். திரும்பக் கட்டையைப் பாத்தாராம். "அட எழவே!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாராம்.

"நாளைக்கு உங்க வள்ளத்தைக் கொண்டாங்க, முறுக்கித் தாரேன். உங்க வீட்டுக் கட்டையையும் கொண்டாந்துருங்க."

"எம் பொஞ்சாதி அதாலேயே என்னைய அடிப்பாளே, பிள்ளே!"

அடி வாங்கினாரோ இல்லையோ, கட்டையோட வந்தாராம். பிரகாசி முறுக்கினா, ஒரு சுத்து விட்டா, சுண்டிப் பாத்தா. அவரு கயித்தான் தோளைத் தட்டி, "வாக்கு உமக்கே திரும்ப வந்துட்டுவே. வள்ளத்தை நீரே வச்சுக்கிடும்"ன்னுட்டு, பாயை விரிச்சு வடக்கப் பாத்துப் போயிட்டாராம். கயித்தான் கொழும்புக்குப் போகவே இல்ல. பெத்தது ஏழு பிள்ளைய. அதுல வந்த கூட்டம்தான் இந்தப் பந்தல்ல பாதி.

இப்ப எல்லாம் இஞ்சின். முன்கயிறும் இல்ல, முன்பாயும் இல்ல. ஆனா சிப்பிக்கரைக்கு வாக்கப்பட்டு வாரவ களிக்கட்டை கொண்டு வரணும். கல்யாணத்துக்கு மறுநாள் இடுப்பளவு தண்ணியில நின்னு, புருசன் வள்ளத்து மூக்குல இரட்டைக் கயித்தைக் கட்டி முறுக்கணும். மாமியா வந்து ஒரு சுத்து திருப்பி விடணும். ரொம்ப முறுக்கினா மரமும் ஒடியும், மாப்பிள்ளையும் கொழும்புக்கு ஓடிருவான்லா!

அந்தா, பொண்ணு கட்டையைத் தூக்கிட்டு வந்துட்டா. எந்திரிங்க, எந்திரிங்க. கயித்தைச் சுண்டினதும் அவ "போயிட்டு வாங்க"ன்னு சொல்லணும், அவன் "வருவேன்"னு சொல்லணும். எங்க ஊருல அப்படிச் சொன்னவன் வந்துருவான்.