நிலாப் பொத்தான்

கம்ப்யூட்டர் தூங்குவது வேறு, அணைந்துபோவது வேறு. இது தெரியாமலேயே காலத்தை ஓட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம், இன்ஸ்பெக்டர் மேடம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நீங்களும் அந்த ரகம்தான் என்று உங்கள் மேசையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. திரை கருப்பாக இருக்கிறது, பெட்டியில் விளக்கு மட்டும் மங்கி மங்கி எரிகிறது. அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, என் விஷயம் முடிந்ததும் சரிசெய்து தருகிறேன்.

என் மனைவி குடியிருக்கும் கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே, சட்டைப் பையில் ஒரு குட்டி கீபோர்டை வைத்துக்கொண்டு நான் ஏன் உட்கார்ந்திருந்தேன் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் முதலிலிருந்து சொல்ல விடுங்கள். நடுவிலிருந்து கேட்டால் நான் ஏதோ கெட்டவன் மாதிரித் தெரியும்.

நான் ஒரு பெரிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவன். எந்த மாடியில் எது நின்றாலும் என்னைத்தான் தேடுவார்கள். மேனேஜரே கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "சார் வந்துட்டாரா?" என்று கேட்பார். பிறகு புது இயந்திரங்களை இறக்கினார்கள். அவை பழுதாகவே இல்லை. பழுதாகாத இடத்தில் பழுதுபார்க்கிறவன் எதற்கு? கையில் ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து, கை தட்டி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடிகாரம் நன்றாகத்தான் ஓடுகிறது. அதற்கும் நான் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்தால், என் மனைவி சின்ன அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பொழுதுபோக்காக ஆரம்பித்தது. மளமளவென்று வளர்ந்துவிட்டது. பின்னத்தைக் கண்டாலே அழும் பிள்ளைகளெல்லாம் அவளிடம் வந்ததும் சிரித்தார்களாம். சொந்தக்காரர்கள் அவளை 'டீச்சர்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுடைய அண்ணன், என் மச்சான், அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். நான் அந்த அறைக்கதவைத் திறந்தால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவாள். சத்தம் போடாதீர்கள் என்று அர்த்தம். அன்றைக்கு முழுக்க எனக்குக் கிடைத்த உபசாரம் அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டருக்குக் கோளாறு வந்தது. இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். முதல் கோளாறு நான் செய்ததில்லை. அது உண்மையானது.

மதிய வகுப்பு முடிந்ததும் அதைத் தூங்கவைத்துவிட்டு வருவாள். கொஞ்ச நேரத்தில் அதுவே விழித்துக்கொள்ளும். ஆளில்லாத அறையில் திரை பளிச்சென்று எரியும். அவள் பயந்தாள். மச்சான் வந்து பார்த்து வைரஸ் என்றார். மச்சானுக்கு எல்லாமே வைரஸ்தான். அவருக்கு முழங்கால் வலித்தாலும் வைரஸ்தான். கம்ப்யூட்டர் கடைக்காரன் வந்து, உள்ளே இருக்கும் பெரிய போர்டையே மாற்றவேண்டும் என்று வாய் கூசாமல் சொன்னான். நான் இருவரையும் அனுப்பிவிட்டு, ஒரு நாற்காலியைப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தேன். எனக்குத்தான் வேறு வேலையில்லையே.

கண்டுபிடித்துவிட்டேன். மேல்வீட்டுக்காரம்மா மதியம்தான் வாஷிங் மெஷின் போடுவார். அது துணியைப் பிழியச் சுற்றும்போது எங்கள் தரையும் சுவரும் லேசாக அதிரும். சுவரை ஒட்டிய மேசை அதிரும், மேசைமேல் இருக்கும் மவுஸ் மயிரிழை நகரும். யாரோ கை வைத்துவிட்டதாக நினைத்துக் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும். மவுஸுக்கும் கீபோர்டுக்கும் அதை எழுப்புவதற்கு ஒரு அனுமதி உண்டு. இரண்டுக்கும் அந்த அனுமதியை எடுத்துவிட்டேன். இனி முன்பக்கத்துப் பொத்தானை அழுத்தினால்தான் எழும். வேலை முடிந்தது.

அந்த வாரத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். போனில் யார் கூப்பிட்டாலும் அவள் இந்தக் கதையைத்தான் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் மாதிரி வராது" என்று அவள் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். மச்சான் மறுபடி வந்து, என்னை உட்காரவைத்து, வாஷிங் மெஷின் விஷயத்தை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். சந்தோஷமாக இருந்தது. அலுவலகத்தில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அப்புறம் மறந்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் சொன்னபோது தூங்கியது, எழுப்பினால் எழுந்தது. உதட்டில் விரல் திரும்பி வந்தது. எனக்கு வயிறெரிந்தது, மேடம். அதை மறைக்கவில்லை.

அலமாரியில் ஒரு குட்டி கீபோர்டு கிடந்தது. உள்ளங்கையில் அடங்கும். டிவிக்காக வாங்கியது, வயர் கிடையாது. அதில் அழுத்துவதை வாங்கிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ரிசீவர் நகத்தளவுதான் இருக்கும். அதைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம், தூசி படிந்த மூலையில் செருகினால் யார் கண்ணிலும் படாது. கீபோர்டின் ஓரத்தில் பிறை நிலாப் படம் போட்ட ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் கம்ப்யூட்டர் தூங்கிவிடும். யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் சரி.

ஹாலில் சோபாவில் உட்கார்ந்து, பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னாலிருந்து முதல் தடவை அழுத்தினேன். அறைக்குள் அவள் குரல் பாதியில் நின்றது. கொஞ்சம் தட்டிப் பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் வாங்களேன்."

அந்தக் குரலை உங்களுக்கு எப்படிச் சொல்வது? அதில் பதற்றம் இருந்தது, கெஞ்சல் இருந்தது, நான் இருந்தேன். நான் பேப்பரை நிதானமாக மடித்து வைத்துவிட்டுப் போனேன். அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, முன்பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன். அது எழுந்தது. அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். இப்படிப் பாதியில் தானாக நின்றுபோனால் அந்தப் பொத்தானை மட்டும் அவள் எந்தக் காலத்திலும் தொடக்கூடாது, தொட்டால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்று சொல்லிவைத்தேன். கணக்கில் புலிதான். ஆனால் நான் சொன்னால் நம்புவாள். அவளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

இதில் என்ன தப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போதும் அந்தக் கட்டத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஒரு வீட்டில் புருஷனைப் பெண்டாட்டி கூப்பிடுகிறாள். அவ்வளவுதானே?

ஆனால் அவள் சும்மா இருக்கிறவள் இல்லை. ஏன் நிற்கிறது என்று கேட்க ஆரம்பித்தாள். கணக்கு டீச்சருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு 'ஏன்' வேண்டும். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "நீ எதையாவது தொட்டிருப்பே" என்றேன்.

"நான் எதையும் தொடலைங்க."

"தொட்டது ஞாபகம் இல்லாம இருக்கும்."

வாய் தவறி வந்த வார்த்தைதான். அது என்ன வேலை செய்தது என்பதைப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் கீபோர்டின் பாதிப் பொத்தான்கள்மேல் அட்டையை வெட்டி ஒட்டிக்கொண்டு பாடம் நடத்தினாள். அன்றும் நிலா வேலை செய்தது. அட்டை ஒட்டியும் தொட்டுவிட்டேனா என்று என்னிடம்தான் கேட்டாள். தொட்டிருப்பாய் என்றேன். தலையாட்டினாள்.

இந்தச் சமயத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் அவளைக் கூப்பிட்டது. வீட்டிலிருந்தபடியே அவர்களுடைய கணக்குப் பிரிவு முழுவதையும் பார்த்துக்கொள்ளவேண்டும், அவளுக்குக் கீழே பல டீச்சர்கள். ஒரு மாதிரி வகுப்பு நடத்திக் காட்டினால் போதும். அவள் வாழ்க்கையில் இதைவிடப் பெரிதாக எதையும் ஆசைப்பட்டதில்லை என்று எனக்குத் தெரியும், அவளே சொன்னாள். வகுப்பு நேரத்தில் எங்கும் போய்விடாமல் ஹாலிலேயே இருக்கும்படி கேட்டுக்கொண்டாள். "நீங்க இருந்தா தைரியமா இருக்கும்" என்றாள். நான் இருந்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன்.

கம்ப்யூட்டர் மூன்று தடவை நின்றது. மூன்றாவது தடவை நான் எழுப்பிக் கொடுத்தபோது எதிர்ப்பக்கத்தில் யாரும் இல்லை. நன்றி தெரிவித்துக் கிளம்பிவிட்டார்களாம். அவள் அழவில்லை. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, "என் கைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். நான் தோளில் தட்டிக்கொடுத்தேன். இந்த மாதிரி நேரத்தில் ஆதரவாக ஒரு கை வேண்டும்.

அப்புறம் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் நல்ல மனுஷர். அவளைப் பார்த்துக் கேள்வி கேட்பார், என்னைப் பார்த்துப் பதில் வாங்கிக்கொள்வார். மறதி என்றேன். செய்ததே ஞாபகம் இல்லை என்றேன். அடுப்பை எரியவிட்டுப் போய்விட்டாள் என்றும் சொன்னேன். அப்படி நடந்ததா என்பது முக்கியமில்லை. டாக்டருக்கு ஒரு உதாரணம் வேண்டியிருந்தது. அவள் அதைக் கேட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒருவேளை எரியவிட்டிருப்போமோ என்று அவள் முகத்தில் ஓடியது. மாத்திரை எழுதிக்கொடுத்தார். சாப்பிட்டதும் மந்தமாகிவிடுவாள்.

வகுப்பெல்லாம் நின்றது. அதன் பிறகு வந்த நாட்கள்தான் எங்கள் தாம்பத்தியத்திலேயே நல்ல நாட்கள். எதற்கெடுத்தாலும் என்னைக் கூப்பிட்டாள். குழாயை மூடினேனா, கதவைப் பூட்டினேனா, பாருங்களேன் என்பாள். நான் போய்ப் பார்த்து, மூடியிருப்பதைக்கூட ஒரு தடவை திறந்து மூடிவிட்டு வருவேன். அவளை நான் அடித்ததில்லை, மேடம். குரலை உயர்த்தியதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்பார்கள்.

என் துரதிர்ஷ்டம், பல்வலி வந்தது. பல் டாக்டரிடம் போகவும் வரவுமாக இருந்த நாட்களில் அவள் பொழுது போகாமல் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்திருக்கிறாள். அது ஒரு தடவையும் தூங்கவில்லை. என்னிடம் அதை மெதுவாகக் கேட்டாள். நீங்கள் இல்லாதபோது மட்டும் இது ஏன் நன்றாக இருக்கிறது? அது உன்னுடைய நல்ல நாளாக இருந்திருக்கும் என்றேன். சரி என்று போய்விட்டாள். கணக்கு டீச்சர் சரி என்றால் சும்மா விடுவாளா? மாத்திரையை அப்போதே நிறுத்திவிட்டாள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பல் சரியான பிறகு ஒரு நாள், நான் சோபாவில் இருந்தபோது அந்த அறையிலிருந்து குரல் வந்தது. "சரி, எல்லாரும் நேத்து விட்ட இடத்துக்கு வாங்க." பழைய டீச்சர் குரல். பின்னம், தொகுதி, பகுதி என்று தெம்பாகப் போய்க்கொண்டிருந்தது. வகுப்பை மறுபடி ஆரம்பித்துவிட்டாளா? எனக்குச் சொல்லாமலா? என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

குரல் நின்றது. ஆனால் 'என்னங்க' வரவில்லை.

போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் அறையின் மறுகோடியில், சுவரோரமாக நாற்காலியைப் போட்டு, ஒரு கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மறுகையில் போன். பிள்ளைகள் யாரும் இல்லை. திரையில் அதுவரை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மச்சான் ஒருவர்தான்.

"பாத்தீங்களாண்ணா, நான் கிட்டவே போகலை" என்று போனில் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில், மேடம்.

"எனக்கு ஒண்ணும் இல்லை, இல்லைங்க? என் மூளை நல்லாத்தானே இருக்கு?"

மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே என்றேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்ல முடியும்?

அதற்குப் பிறகுதான் அவள் முகம் மாறியது. சட்டைப் பையில் என்ன என்று கேட்டாள். கண்ணாடிக் கூடு என்றேன். எடுத்துக் காட்டச் சொல்லவில்லை. மச்சான் வண்டி கொண்டுவந்தார், துணிமணியும் கம்ப்யூட்டரும் கிளம்பிப் போயின. என்னையும் கைக்கடிகாரத்தையும் விட்டுவிட்டார்கள்.

அவள் வீடு பார்த்துக் குடியேறிய இடத்தைக் கண்டுபிடிப்பது எனக்குச் சிரமமாக இல்லை. படிக்கட்டுக்கு நேர் மேலேதான் அவள் வகுப்பறை. இந்த கீபோர்டு ஒரு தளம் வரைக்கும் எட்டும். தினமும் மாலையில் அங்கே உட்காருவேன். அவள் குரல் கேட்டதும் அழுத்துவேன். மறுபடி அழுத்துவேன். குரல் நிற்காது. பிள்ளைகள் சிரிப்பதுகூடக் கேட்கும். பாவம், கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே சமாளிக்கிறாள், பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எப்படியும் ஒரு நாள் கூப்பிடுவாள். கூப்பிட்டால் உடனே போக, பக்கத்தில் ஆள் வேண்டாமா? அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். எல்லாம் நான்தான் செய்தேன். முதல் கோளாறு மட்டும் வாஷிங் மெஷின்.

இது என்ன? ஆமாம், அதே ரிசீவர்தான். வீட்டைவிட்டுப் போன அன்றே கழற்றிவிட்டாளா? உங்களிடம் அவளே கொண்டுவந்து கொடுத்தாளா? அப்படியானால் படிக்கட்டின் கீழே நான் அழுத்தியதெல்லாம் எங்கேயும் போகவில்லை.

இருக்கட்டும். ஆனால் கண்டவர் கை பட்டால் இயந்திரம் அப்படியே இருக்காது, மேடம். இனிமேல்தான் அதற்கு நிஜமான கோளாறு வரும். தூங்கிவிட்டால் எழுப்ப அவளுக்குத் தெரியாது. பாதியில் நின்றுவிட்டால் முன்பக்கத்துப் பொத்தானை அவள் தொடவே மாட்டாள், நான் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து ஒரு தகவல் மட்டும் சொல்லிவிடுங்கள். எப்போது நின்றாலும் பதற வேண்டாம், ஒரு குரல் கொடுத்தால் போதும், நான் கீழேதான் இருப்பேன்.