காந்தம் இறக்காத வால்வு

அய்யோ, அந்த ஸ்டூல்ல உக்காராதீங்கண்ணே, எல்லாம் கருப்புச் சேறு. வெள்ளைச் சட்டை வேற. ஒட்டுனா ஜென்மத்துக்கும் போகாது.

எங்க முதலாளி, அதான் நீங்க பாத்திருக்குற மாப்பிள்ளை, எப்படின்னுதானே கேட்டீங்க? பொண்ணு குடுக்கப் போறவர் விசாரிக்காம இருப்பீங்களா. சொல்றேன். அவன் மூஞ்சியப் பாத்தாலே எனக்குக் குமட்டுது.

என்னது, இந்தச் சேறா? எண்ணெய்ல இரும்புத்தூளும் தேய்க்கிற பொடியும் கலந்திருக்கு. சும்மா இருந்தா கஞ்சி மாதிரி கிடக்கும். காந்தத்தப் பக்கத்துல கொண்டுபோனா விறைச்சுக்கும். வால்வுத் துளைக்குள்ள சுத்தவிட்டா கண்ணாடியாத் தேய்ச்சுக் குடுத்துடும். இதெல்லாம் லாரி பிரேக்குக்குப் போற வால்வு. ஆனா தேய்ச்சு முடிச்சா வால்வுக்கே காந்தம் ஏறிடும். அந்தக் கரண்டுக் கம்பிச் சுருள் வழியா மெதுவா இழுத்து, காந்தத்த இறக்கிட்டுத்தான் கழுவணும். இல்லேன்னா என்ன கழுவுனாலும் தூளு உள்ள கவ்விக்கிட்டேதான் இருக்கும்.

எங்க முதலாளித் தொரை என்ன சொன்னான் தெரியுமா? வெளிய பளபளன்னு இருக்குல்ல, உள்ள எவன் விரல விட்டுப் பாக்கப் போறான், அப்படியே கழுவி அனுப்புன்னான். அனுப்பியும் வெச்சான், நான் லீவுல இருந்த நேரம் பாத்து.

ஆமா, பிரேக் புடிக்காம மலை எறக்கத்துல கவுந்துச்சே, அந்த லாரிக்குத்தான். டிரைவருக்கு ஒரு கால் போச்சு. வால்வு இங்கதான் திரும்பி வந்துச்சு. நான்தான் பிரிச்சேன். துணிய உள்ள விட்டு எடுத்தா, மை மாதிரி வருது. அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். அப்படித் தள்ளி வெச்சுட்டு, சோத்த மென்னுக்கிட்டே லாரி கம்பெனிக்குப் போன் போடுறான். வால்வு சுத்தமா இருக்கு சார், டிரைவர்தான் குடிச்சிருப்பான்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னாண்ணே. த்தூ!

அந்த மனுஷனுக்கு வேலையும் போச்சு, பேரும் போச்சு. ஆஸ்பத்திரில போய்ப் பாத்தேன். நான் குடியத் தொட்டதே இல்லம்மா, எம்பொண்டாட்டியே நம்ப மாட்டேங்குறான்னு அழுறாரு.

வேணாண்ணே. உங்க பொண்ணக் கொண்டுபோய்ப் பாழுங்கிணத்துல தள்ளாதீங்க.

பகையா? எனக்கு என்ன பகை. பொறாமையும் இல்ல. இது அவன் காதுல விழுந்தா என்னை வேலைய விட்டுத் தூக்கிடுவானா? தூக்குவான் தூக்குவான். பெத்தவள எங்கண்ணே தூக்குவான்?

ஆமா, எம்புள்ளதான். ஒரே புள்ள. நாளைக்கு நானே அந்த லாரி கம்பெனில போய் உள்ளதச் சொல்லப்போறேன். எழுந்துட்டீங்களா? சம்பந்தியா வரவேண்டியவரு, ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்கலையே நான்.