தட்டிப் பாத்த தொப்பி

இல்லம்மா, கழட்டாத. சொன்னாக் கேளு. கொம்பு ஊதட்டும், சண்டை முடியட்டும், அப்புறம் நீ இந்த இரும்புத் தொப்பியக் கழட்டு, தலையவே கழட்டு, நான் ஏன்னு கேக்க மாட்டேன். இப்ப கைய எடு.

பேரா? யாரோமிர். ஷ்செச்சின் துறைமுகத்துல கிரேன் ஓட்டுறேன். இது வோலின், பழைய காலத்துச் சண்டைய வேஷம் கட்டி ஆடுற திருவிழா, இன்னிக்கு சனிக்கெழமை. காலைல பன்னிக் கொழுப்பு தடவின ரொட்டியும் உப்புல ஊறின வெள்ளரிக்காயும் தின்னேன். பாத்தியா, மூளையெல்லாம் எடத்துலதான் இருக்கு. விரல அப்புறம் எண்ணலாம். லைட்டப் பாக்கச் சொல்லி உசுர வாங்காத. தண்ணி இருந்தாக் குடு. எங்க... கையில வைம்மா. ம்.

எனக்காக ஒண்ணு பண்ணு. உங்க முதலுதவிக் கூடாரத் துணிய வெலக்கி வெளிய பாரு. சிவப்புக் கேடயம், அது எங்க வரிசை. வலது கோடியில ஒருத்தன், நெட்டையா, கூம்புத் தொப்பி போட்டுட்டு இருப்பான். மூக்குக்கு மட்டும் ஒரு இரும்புப் பட்டை, நெத்தியில பழைய சொட்டை. நிக்கிறானா? நல்லாப் பாரு. நிக்கிறான்ல? சரி.

அவன் செவெரின். பல்லு டாக்டரு. என் பொண்டாட்டி ரெனாத்தா, இப்ப அவனுக்குப் பொண்டாட்டி. சிரிக்காத, சத்தம் கேக்குது. அவன் தலையில இருக்கிறது என் தொப்பி. என் தலையில இருக்கிறது அவனோடது.

எப்படின்னா, எங்க பொண்ணு யாகோதா, பதினஞ்சு வயசு. லீவு விட்டதுலருந்து ஐஸ்கிரீம் கடையில நின்னு, அந்தக் காசுல அவனுக்கு இத வாங்கிக் குடுத்தா. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின புதைகுழியில எடுத்தாங்களே, மூக்குக்கண்ணாடி மாட்டின மாதிரி ஒரு தொப்பி, அதே அச்சு. பெட்டி மேல கொட்டை எழுத்துல போட்டிருந்தான், நெசச் சண்டைக்கே தாங்கும்னு. எனக்குன்னு அவ ஒரு கையுறை கூட வாங்கினதில்ல, அது வேற விஷயம். வயிறு எரிஞ்சுது, ஏன் பொய் சொல்லணும்?

வரிசையில நின்னதும் பக்கத்துல இருக்கிறவன் தொப்பியக் கத்திப் பிடியால ஒரு தட்டு தட்டுறது எங்க வழக்கம். ரெண்டு மில்லிமீட்டர் இரும்புத் தகடுன்னா ஙொய்ங்னு நின்னு கேக்கும். நான் செவெரினோடதத் தட்டினேன். டொக்குன்னுது. பிஸ்கோத்து டின்னு. கண்ணுப் பக்கம் கட்டவிரலால அமுக்குனேன், உள்ள போச்சும்மா. அலமாரியில வச்சு அழகு பாக்குற தொப்பி அது. எங்க ஆட்டத்துல தலையில அடிக்கலாம், எதுத்தாப்புல நிக்கிறவனுங்க கோடாலியோட வந்திருக்கானுங்க.

கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு யாகோதா கேக்குறா, எப்படிப்பா இருக்குன்னு. கண்ணு ரெண்டும் மின்னுது அவளுக்கு. என்ன சொல்லச் சொல்ற? நீ வாங்கினது வெறும் தகரம்னு ஊரு முன்னாடி சொல்லவா? செவெரின் காதுல மெதுவா ஓதலாம், ஆனா நான் எது சொன்னாலும் அவனுக்கு அது பொறாமைதான். கொம்பு வேற ஊதிட்டாங்க.

சரி, பொறாமையாவே இருந்துட்டுப் போகட்டும்னு, அருமையான சாமான்டா, இந்த ஒரு சண்டைக்கு எனக்குக் குடு, என்னோடத நீ போட்டுக்கோன்னேன். வரிசையே சிரிச்சுது. பொண்டாட்டியத்தான் விட்டுட்ட, தொப்பியாவது கெடைக்கட்டும்னு ஒருத்தன். யாகோதா சிரிக்கல. இவ்ளோ அல்பமாப்பான்னு ஒரு பார்வை பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அதுதான் வலிச்சுது. செவெரின் பாவம், கூச்சப்பட்டுக்கிட்டே கழட்டிக் குடுத்தான். சண்டை முடியறதுக்குள்ள நான் இதக் கழட்டினா, திருப்பி வாங்கி மாட்டிக்கிட்டு நிப்பான், அதான் உன்னக் கழட்ட விடல.

நான் பழகினவன், தலையப் பாத்துக்குவேன்னு நெனச்சேன். யார் அடிச்சான்னு கூடத் தெரியல. சும்மா ஒரு அடிதான், என் தொப்பியா இருந்தா சொட்டை கூட விழுந்திருக்காது. அது மூக்கு ரத்தம்மா, தொடச்சா நின்னுடும்.

இரு, கொம்புதான அது? முடிஞ்சுதா? பாரு, அவன் நிக்கிறானா? தொப்பியக் கழட்டிட்டானா? யாகோதா எங்க, அவன்கிட்டயா ஓடுறா? கட்டிப் பிடிச்சுக்கிட்டாளா. சரி. நல்லது.

இப்பக் கழட்டும்மா. மெதுவா, கண்ணுக்கிட்ட உள்ள வளைஞ்சிருக்கு. கழட்டினதும் இத என் சாக்குல போட்டு அடியில தள்ளிடு, அவ பாக்கக் கூடாது. வீட்ல கொண்டுபோய்த் தட்டி நிமித்திக்கலாம்.

விரலா? எத்தனைன்னா... வெளிய இன்னும் வெயிலடிக்குதாம்மா? அடிக்குதா. என்னக் கொண்டாந்து உக்கார வச்சதுலருந்து எனக்கு இருட்டாத்தான் இருக்கு.